கூடாரத்துக்கு வெட்டிய கான்

மாயாண்டிக்கு இடது முழங்கால் போய் மூன்று வருஷம் ஆகிறது. வலிக்கிறது என்று அவர் சொல்வதில்லை, போய்விட்டது என்றுதான் சொல்வார். படி ஏறும்போது அந்தக் காலைக் கையால் தூக்கி மேலே வைத்துவிட்டு, பிறகு மற்றக் காலை எடுப்பார். அவர் குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டிலிருந்து கீழே டேம் ஓரம்வரை நூற்றுப் பதினாறு படி. எண்ணியவர் அவர்தான்.

காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள தோட்டத்தில் பதினேழு வயதில் வேலைக்குப் பேர் பதிந்தார். முதல் இரண்டு வருஷம் புல்லு வெட்டினார். அதன் பிறகு வயதாகிப் பேர் வெட்டுகிற நாள்வரைக்கும் கான் வேலைதான். மலையில் பெய்கிற மழை தேயிலைக்கு நடுவே ஓடி மண்ணை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, மலையைச் சுற்றிக் குறுக்காக வெட்டுகிற வாய்க்காலைத் தோட்டத்தில் கான் என்பார்கள். வெறுமனே வாய்க்காலை இழுத்துவிட்டால் அது கான் ஆகாது. சில அடிக்கு ஓரிடத்தில் மண்ணை வெட்டாமல் முக்கால் உயரத்துக்குத் திட்டாக விட்டுவர வேண்டும். இரண்டு திட்டுக்கு நடுவே உள்ள குழியில் தண்ணீர் நிற்கும், மண் அடியில் தங்கும், ஈரம் மெல்ல மெல்ல வேருக்கு இறங்கும். மிஞ்சின தண்ணீர் மட்டும் திட்டைத் தாண்டிப் போகும். மாயாண்டி வெட்டின கானில் எந்தத் திட்டும் கரைந்ததில்லை. அவரைப் பற்றி, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா சொன்ன ஒரே நல்ல வார்த்தையும் அதுதான்.

பேர் வெட்டின பிறகு கொந்தராத்துக் கூலிக்குத் தேயிலைக்கு மருந்தடிக்கப் போனார். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறி இறங்குகிற வேலை. தொட்டி நிறைந்திருந்தால் முழங்காலுக்குள் ஏதோ நெரிபடுவதுபோல் ஒரு சத்தம் வரும். அதை அவருடைய மனைவி அழகம்மாவே பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கேட்டிருக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் நஸீர் முதலாளி டேம் ஓரத்து இடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ஹட்டன் கடைவீதியில் படங்குச் சீலையும் கயிறும் மழைக்கோட்டும் விற்கிறவர். கடைக்கு வந்த கூடாரங்கள் விலைபோகவில்லை. விற்காததை வாடகைக்கு விட்டுப் பார்ப்போம் என்று நினைத்தார். கைவிட்ட தேயிலையைப் பிடுங்கி, சரிவைப் படிப்படியாகச் சமப்படுத்தி, பதினொரு கூடாரத்துக்கு இடம் செய்தார். மேலே சமைக்க ஒரு தகரக் குசினி, பக்கத்தில் கக்கூசு. காவலுக்கும் எடுபிடிக்கும் மாயாண்டி.

"பங்குனி, சித்திரை ரெண்டு மாசம் பாப்போம் அண்ணே," என்றார் முதலாளி. "ஆளு வந்து சந்தோசமாப் போனாங்கன்னா வருசம் பூரா நடத்தலாம். நீங்களே இருந்துக்கலாம். சரிவரலன்னா கூடாரத்தச் சுருட்டி கடைப் பரணுல போட்டுருவேன்."

பரணில் கூடாரம் ஏறினால் தன் முதுகில் தொட்டி ஏறும் என்பது மாயாண்டிக்கு விளங்கிற்று. "சரிங்க மொதலாளி," என்று மட்டும் சொன்னார்.

"மழ வந்தா உள்ளுக்குத் தண்ணி போகக் கூடாது. ஒவ்வொண்டையும் சுத்தி ஒரு கான் வெட்டிருங்க. ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

ஒன்பது நாள் வெட்டினார். கூடாரம் நிற்கிற ஒவ்வொரு மேடைக்கும் மேல்பக்கமும் இரண்டு ஓரமும் சுற்றி, ஓர் அடி ஆழம், நூல் பிடித்த கரை, மேடைக்கு நாலு திட்டு. மொத்தம் நாற்பத்து நாலு திட்டு. திட்டின் தலையை மம்பட்டியின் பின்பக்கத்தால் தட்டி வழவழவென்று ஆக்கினார். இடையிடையே குந்தி எழும்பும்போது மம்பட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தை அதில் போட்டுத்தான் எழும்ப முடிந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, கைபேசியில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டார்.

"கான்னா இது கான்," என்றார்.

அன்றைக்குப் பின்னேரம் மாயாண்டி நூற்றுப் பதினாறு படியையும் நடுவில் உட்காராமல் ஏறினார்.

முதல் பெரிய கூட்டம் ஏப்ரல் முதல் சனிக்கிழமை வந்தது. கொழும்பில் ஒரு கம்பெனியில் ஒன்றாக வேலை செய்கிறவர்கள், இருபத்தொரு பேர். தலைமை தாங்கி வந்தவள் சந்துனி என்ற பெண். போன வருஷம் தெற்கே கடற்கரையில் கூடாரம் போட்டார்களாம். அதை அவள் சிங்களத்தில் மாயாண்டிக்குச் சொல்லிக்கொண்டே ஆணிகளை அவரிடம் எடுத்துக் கொடுத்தாள்.

"அங்கே ஒரு ராத்திரி நல்ல மழை, மாமா. ஆனா மணல்தானே, ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல. இங்க எப்படி?"

"பயப்பட வேண்டாம் நோனா. கான் வெட்டியிருக்கு," என்றார் மாயாண்டி அவருக்குத் தெரிந்த சிங்களத்தில்.

பகல் மூன்று மணிக்கு எதிர்மலை மறைந்தது. அந்த மாதத்து மழை அப்படித்தான் வரும், இடியோடு, ஒரே இறைப்பாக. விருந்தாளிகள் சிரித்துக்கொண்டு கூடாரங்களுக்குள் ஓடினார்கள். மாயாண்டி குசினித் தாழ்வாரத்தில் நின்று கானைப் பார்த்தார். தண்ணீர் வந்து ஒவ்வொரு குழியாக நிறைந்தது. நிறைந்து, திட்டின் தலைமேல் மெல்லிசாக வழிந்தது. எங்கும் உடையவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் வெட்டினதில் இதுதான் நல்ல வெட்டு என்று அவருக்குத் தோன்றியது. வேலை ஒழுங்காக நடக்கிறபோது உடம்புக்குக் கிடைக்கிற ஒரு சின்ன ஓய்வு இருக்கிறதே, அதை அனுபவித்துக்கொண்டு நின்றார்.

அரை மணி நேரத்தில் சந்துனி குடையோடு வந்தாள்.

"மாமா, தண்ணி வருது. மேலேருந்து இல்ல. கீழேருந்து."

அவர் போய்ப் பார்த்தார். கூடாரத்தின் தரைச்சீலை காலடியில் தொளதொளவென்று அமுங்கிற்று. இன்னொன்றிலும் அப்படியே. மூன்றாவதில் ஒருவன் போர்வையைத் தலையில் சுமந்துகொண்டு நின்றான். மாயாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தையலில் ஒழுகுகிறதோ என்று மேல்சீலையை இழுத்துக் கட்டினார். கயிறுகளை இறுக்கினார். அப்புறம், மழை பலமாக இருக்கிறது, குழி போதவில்லை என்று முடிவு செய்தார். மம்பட்டியை எடுத்துவந்து குழிகளை இன்னும் ஆழமாக்கத் தொடங்கினார். இரண்டு மேடை முடித்து மூன்றாவதுக்குப் போனார். ஆழமாக்க ஆழமாக்கக் குழியில் தண்ணீர் கூடுதலாக நின்றது. உள்ளே இருந்தவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். யாரும் இப்போது சிரிக்கவில்லை.

அழகம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்தாள். கொழுந்து எடுக்க இடுப்பில் கட்டின படங்குச் சீலையையும் அவிழ்க்கவில்லை, கூடையை மட்டும் லயத்தில் போட்டுவிட்டு, பின்னேரத்துக்கு ரொட்டி சுட வந்திருந்தாள். குசினி முன்னால் இருபது பேர் நனைந்துபோய் நிற்பதைப் பார்த்தாள். கணவன் மழையில் குழி வெட்டுவதையும் பார்த்தாள்.

"என்னாங்க செய்றீங்க?"

"கான் பத்தல. ஆழமாக்குறேன்."

அவள் கிட்ட வந்து குனிந்து குழியைப் பார்த்தாள். திட்டைப் பார்த்தாள். பிறகு கூடாரத்தைப் பார்த்தாள்.

"ஏங்க. இங்க என்னா தேயிலையா நட்டு வச்சிருக்கீங்க?"

"என்னாடி சொல்ற?"

"தண்ணிய நிப்பாட்டி வேருக்கு உடுறதுக்குத்தானே திட்டு? இங்க வேரு எது? அந்தப் புள்ளைங்க முதுகா?"

மாயாண்டி மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். மழை அவர் தொப்பி விளிம்பில் ஒழுகிக்கொண்டிருந்தது. கூடாரத்தைச் சுற்றி மூன்று பக்கமும் நான்கு திட்டு வைத்து, நடுவே உள்ள குழிகளில் தண்ணீரைக் கட்டி, அது ஓடிப்போகாமல் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கி நடுமேடைக்குப் போகும்படி அவர்தான் செய்திருந்தார். கரையாத திட்டு. நாற்பத்து நாலு.

"ஒனக்கு இது முன்னாடியே தெரியாதா?" என்றார்.

"என்னய எங்க கூப்புட்டுக் காட்டுனீங்க? மொதலாளி போட்டோ புடிச்சாரு, வானத்துல பறந்தீங்க." அதற்கு மேல் அவள் நின்று பேசவில்லை. "நோனா, எல்லாரும் குசினிக்குள்ள வாங்க," என்று சிங்களத்தில் சத்தம் போட்டுக்கொண்டு அடுப்பை மூட்டப் போனாள்.

மேல் மேடையிலிருந்து ஆரம்பித்தார். திட்டு ஒவ்வொன்றையும் மூன்று வெட்டில் எடுத்தார். முதல் திட்டு உடைந்ததும் குழித்தண்ணீர் கலங்கி, ஒரே பாய்ச்சலில் டேம் பக்கம் இறங்கிற்று. அந்தத் தண்ணீர் கீழ்மேடைக்குள் போகாதபடி வாயைத் திருப்பிவிட்டு, அடுத்ததற்குப் போனார். பத்தாவது திட்டில் கை சோர்ந்தது. இருபதாவதில் முழங்கால் மடங்காமல் விறைத்துக்கொண்டது, காலை நீட்டியபடியே பக்கவாட்டில் சாய்ந்து வெட்டினார். கொழும்புக்காரர்களில் இரண்டு பேர் வந்து ஒரு சட்டியால் குழித்தண்ணீரை இறைத்தார்கள். அது ஒரு உதவியும் இல்லை. ஆனாலும் போகச் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை.

மாலை ஆறு மணிக்கு நாற்பத்து நாலும் போய்விட்டது. மழையும் விட்டது. ஐந்து கூடாரத்தில் படுக்கலாம், ஆறில் முடியாது. இருபத்தொரு பேரும் ஐந்துக்குள் நெருக்கிக்கொண்டு படுத்தார்கள்.

காலையில் அவர்கள் நனைந்த துணிகளை வேலிக் கம்பியில் காயவைத்துக்கொண்டிருந்தபோது நஸீர் முதலாளியின் ஓட்டோ வந்து நின்றது. ஆறு கூடாரம் கவிழ்த்துப் போட்டுக் கிடந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று.

"என்ன அண்ணே இது?"

மாயாண்டி வாயைத் திறக்குமுன் சந்துனி சிங்களத்தில் முந்திக்கொண்டாள். "பயங்கர மழை, முதலாளி. மாமா மழையிலேயே நின்று வேலை செய்தார். மழைக்கு யார் என்ன செய்ய முடியும்?"

முதலாளி வானத்தைப் பார்த்தார். வானம் நீலமாக இருந்தது. மழை என்று விட்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். மாயாண்டிக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் மழை என்று விட்டால், அடுத்த மழைக்கு முன்னால் இந்தக் கானை ஏன் மாற்றி வெட்டுகிறோம் என்று இன்னொரு பொய் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்தும் ஒன்று. அவ்வளவையும் சுமக்க அன்றைக்கு அவருக்குத் தெம்பில்லை.

"மழ இல்லைங்க மொதலாளி. நான் வெட்டுன கான்," என்றார் தமிழில். "தேயிலைக்கு வெட்டுற மாதிரியே வெட்டிப்புட்டேன். தண்ணி போகல, நின்னுச்சு. நேத்து எல்லாத் திட்டையும் ஒடச்சுட்டேன்."

முதலாளி ஒரு கானின் ஓரமாகப் போய், உடைந்த திட்டின் மிச்சத்தைச் சப்பாத்துக் காலால் தட்டிப் பார்த்தார். கைபேசியை எடுத்து, தான் எடுத்த படத்தையும் பார்த்தார்.

"அல்லாவே. நானும் இதப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கேன். வெளிநாட்டு மச்சானுக்குக்கூட அனுப்பினேன்." படத்தை அழித்தார். "முப்பத்தஞ்சு வருசம் மலையில தண்ணி புடிச்சீங்க. சரி. எங்கட கூடாரத்துலயும் புடிக்கணுமா அண்ணே?"

குசினி வாசலிலிருந்து அழகம்மா சிரித்த சத்தம் கேட்டது. மாயாண்டி சிரிக்கவில்லை.

"பரணுல போட்டுருவீங்களா மொதலாளி?"

முதலாளி டேம் பக்கம் பார்த்தார். கீழே விருந்தாளிகள் ஈரச் சப்பாத்துகளை வரிசையாகக் கல்லில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்துனி ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"வருசப் பிறப்புக்கு ரெண்டு குடும்பம் கேட்டிருக்காங்க," என்றார் முதலாளி. "வேற ஆளப் போட்டா அவனும் ஒருக்கா நனைச்சுத்தான் படிப்பான். நீங்க நனைச்சு முடிச்சிட்டீங்க. இருந்துக்கங்க. வருசம் பூரா இருந்துக்கங்க. ஆனா இந்தக் கான் இப்படி இருக்க ஏலாது. கரையெல்லாம் பிஞ்சு போய்க் கிடக்கு. மூடிட்டு, சரிவு பாத்துப் புதுசா வெட்டுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள."

"பதினொண்ணுக்குமா?"

"பதினொண்ணுக்கும்."

ஓட்டோ ஏறிப் போனது. விருந்தாளிகளும் பத்து மணிக்கு வேனில் போனார்கள். சந்துனி கைகாட்டினாள். மறுபடி வருவோம் என்று அவள் சொல்லவில்லை.

மாயாண்டி குசினிக் கட்டையில் உட்கார்ந்தார். அழகம்மா பால் விடாத சாயத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"கேட்டது கெடச்சிருச்சுல்ல?"

"ம்."

"மூஞ்சியப் பாத்தா அப்புடித் தெரியல."

"ஒம்பது நாள் வெட்டுனத அஞ்சு நாளுல வெட்டணும். அதுக்கு முன்னாடி மூடணும்."

"தொட்டியவிடக் கனமா?"

அவர் யோசித்தார். "இல்ல," என்றார். "தொட்டிய எறக்கி வைக்க முடியாது. இத நடுவுல எறக்கி வைக்கலாம்."

சாயத்தண்ணியைக் குடித்து முடித்து, காலைக் கையால் தூக்கித் திருப்பி வைத்து, மம்பட்டியைப் பிடித்து எழும்பினார். மேல் மேடைக்குப் போனார். பழைய கானை மூடி மிதித்தார். கூடாரத்திலிருந்து இரண்டடி தள்ளி, தண்ணீர் நிற்காமல் போகும்படி சரிவு பார்த்து ஒரு நூலைக் கட்டினார். வெட்டத் தொடங்கினார். நேற்றைய மழையில் மண் இளகியிருந்தது, வெட்டு சுலபமாக விழுந்தது. ஓர் அடி, இரண்டடி, நாலடி. கை பழகின தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. அவர் மனம் எங்கும் இல்லை.

ஆறு ஏழு அடி போனதும் மம்பட்டி தானாக ஒரு சாண் தாண்டி விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தார். பின்னால் ஒரு திட்டு, முக்கால் உயரத்துக்கு, அளவெடுத்தாற்போல் நின்றது. அதை விட்டதே அவருக்குத் தெரியவில்லை. குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அழகம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

இரண்டடி பின்னால் வந்து, மூன்று வெட்டில் அதை எடுத்தார்.