பின் சீட்டுத் துரை

அடிலெய்டு விமான நிலையத்து டாக்ஸி வரிசையில் நோலீன் பாஸ்கோவின் வண்டி நின்றால் மற்ற ஓட்டுநர்களுக்குப் பொழுது நன்றாகப் போகும். பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வருகிறவனைப் பார்த்ததுமே, அவன் எந்தக் கதவைத் திறப்பான் என்று சொல்லிவிடுவாள். முன்னால் வந்து ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தால் மனிதன். தனி ஆளாக வந்தும் பின்னால் ஏறினால், அவள் கணக்கில் அவன் வெறும் மூட்டை. இத்தனை வருடத்தில் ஒருவரையும் அவள் ‘சார்’ என்றதில்லை. கிழவனோ குமரனோ, எல்லாரும் ‘கண்ணு’தான்.

“அதோ பாரு, கோட்டு போட்ட மாப்பிள்ளை. பின் சீட்டு. ஏறினதும் ‘இவ்வளவுதானா ஊரு’ன்னு கேப்பான்” என்பாள் பக்கத்து வண்டி கோஸ்டாவிடம்.

கேட்பான். சிட்னியிலிருந்து வருகிற ஜென்மங்கள் எல்லாமே கேட்கும். விமானத்தை விட்டு இறங்கிக் கால் மணி நேரத்தில் ஊருக்குள் போய்விடலாம் என்பது அவர்களுக்கு ஒரு குறை. அரை நாள் நெரிசலில் வெந்தால்தான் அது நகரமாம்! ரயில் எங்கே என்பான் ஒருவன். பஸ்தான் உண்டு, அதோ நிற்கிறது என்றால் முகம் சுளிப்பான். ஊருக்குள் டிராமில் சும்மாவே ஏறலாம் என்றால் நம்ப மாட்டான், நடக்கிற தூரத்துக்கு டாக்ஸி பிடிப்பான். கிளெனெல்க் கடற்கரைக்குப் போய் நின்றுகொண்டு, எங்கள் ஊர்க் கடல் மாதிரி வராது என்று உதட்டைப் பிதுக்குவான்.

“அப்ப அங்கேயே கிடக்க வேண்டியதுதானே கண்ணு? இங்க வந்து எங்க உசிரை ஏன் வாங்குறே?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவாள். அதனால் அவள் மேல் புகார் போகும். போகட்டுமே என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே பிள்ளை, டேமியன். போர்ட் அடிலெய்டில் வாடகை வீட்டில், இதே டாக்ஸியை ஓட்டி ஒற்றை ஆளாக வளர்த்தாள். சிட்னிக்குப் போய் ஏதோ கட்டட நிறுவனத்தில் பெரிய வேலையில் இருக்கிறான். நாலு கிறிஸ்துமஸாக ஆளைக் காணோம். போன வாரம் கூப்பிட்டான்.

“ஆபீஸ் வேலையா வர்றேம்மா. எங்க மேலதிகாரியும் கூட வர்றாங்க. நீ அலையாத, ஏர்போர்ட்டுல டாக்ஸி பிடிச்சுக்கறோம்.”

“டாக்ஸின்னா நான்தானேடா, கூறுகெட்டவனே!” என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அந்தப் பக்கம் அவன் சிரித்தானா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

அன்று காலை வண்டியைத் துடைத்து, முன் சீட்டில் ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அந்த ஊருக்கே உரிய பிரிட்ஸ் என்ற இறைச்சியை மெல்லிசாக நறுக்கி, ரொட்டிக்கு நடுவே தக்காளி சாஸோடு வைத்தது. கசாப்புக் கடைக்காரன் சும்மா தருகிற ஒரு துண்டு பிரிட்ஸுக்காகச் சின்ன வயதில் தெருவையே இரண்டாக்கியவன் டேமியன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் நிறையத் தின்றுகொண்டு, நாலு வார்த்தை பேச வேண்டும். அது போதும் அவளுக்கு.

“என்ன நோல், மகாராஜா வர்றாரா? சீட்டு பளபளங்குது” என்றான் கோஸ்டா.

“வயித்தெரிச்சல் படாத. நீ முன்னாடி போ.”

சிட்னி விமானம் வரும்வரை மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு நின்றாள். டேமியன் வந்தான். கூடவே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி. நோலீன் இறங்கிக் கையை விரித்தாள். அவன் அவளைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து பின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டான்.

“நார்த் டெரஸ் ஹோட்டலுக்குப் போங்க” என்றான்.

போங்க! பெற்றவளுக்கு மரியாதை! விரித்த கையால் பெட்டிகளைத் தூக்கி வைத்துவிட்டு அவள் வந்தாள்.

“நான் ஜூடித்” என்று அந்தப் பெண்மணி முன்னால் ஏறினாள். “அய்யோ, இங்க ஏதோ பொட்டலம் இருக்கே.”

“சாப்பிடு கண்ணு. வர்றேன்னவன் வரல.”

நோலீன் மீட்டரைப் போட்டாள். ஜூடித் பிரித்து ஒரு கடி கடித்தாள். “அடடா, என்ன ருசி! டேமியன், உங்க ஊர்ச் சாப்பாடு, ஒண்ணு எடுத்துக்கோங்க.”

“நான் அதெல்லாம் சாப்பிடறதில்ல” என்றது பின் சீட்டு.

“இவரும் இந்த ஊர்தான், தெரியுமா? அம்மா மலைப்பக்கம் திராட்சைத் தோட்டம் வெச்சிருக்காங்களாம்” என்றாள் ஜூடித், கள்ளங்கபடமில்லாமல்.

நோலீன் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். துரை செல்போனுக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். பிஞ்சு வயதில் எத்தனை முறை மூக்குத் துடைத்துவிட்ட முகம், தூ!

“தோட்டமா! இந்த வருஷம் விளைச்சல் எப்படி?” என்று கேட்டாள் நோலீன்.

அவன் விரல் செல்போனில் ஓடிக்கொண்டே இருந்தது.

“அம்மாவைப் பாக்கப் போவீங்களா?” அவள் விடவில்லை.

“நேரம் இருந்தா” என்றான்.

சிவப்பு விளக்கு ஒன்றில் வண்டி நின்றது. இப்போதாவது வாயைத் திறப்பான் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தாள்.

ஹோட்டல் வாசலில் ஜூடித் கடைசித் துண்டையும் தின்றுவிட்டு, நன்றி சொல்லி இறங்கி உள்ளே நடந்தாள். டேமியன் பணத்தைக் கட்டினான். ஜூடித் கண்ணுக்கு மறைந்ததும் ஜன்னலில் குனிந்தான்.

“அம்மா, தப்பா எடுத்துக்காத. அவங்க எதிர்ல எப்படிச் சொல்றது... ராத்திரி போன் பண்றேன்” என்று ஐம்பது டாலர் நோட்டு ஒன்றை நீட்டினான்.

இந்த ஊரில் டாக்ஸிக்காரருக்கு யாரும் இனாம் தருவதில்லை. அவள் அந்த நோட்டைத் தொடவில்லை. வாசல் காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரலை உயர்த்தினாள்.

“ரசீது வேணுமா, சார்?”

வரிசைக்குத் திரும்பி வந்தபோது கோஸ்டா ஓடிவந்தான். சீட்டில் கசங்கிக் கிடந்த காலிப் பொட்டலத்தைப் பார்த்து அவனுக்கு ஒரே சந்தோஷம்.

“பையன் முழுசா சாப்பிட்டுட்டான் போலிருக்கே!”

“முன்னாடி உக்காந்தவங்க சாப்பிட்டாங்க” என்றாள் நோலீன். “பின்னாடி ஒரு மூட்டை இருந்துச்சு. இறக்கி வெச்சிட்டு வந்துட்டேன்.”