விசில் அக்காவின் அம்பும் கணையும்

“கையை இறக்காதடி! இறக்காதேன்னு சொல்றேன்ல!” என்று விசில் அக்கா என் முதுகுக்குப் பின்னால் கத்துகிறார். நான் எய்தது இலக்குப் பலகையைத் தாண்டிப் புல்லுக்குள் புகுந்துவிட்டது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. “அது போய்ச் சேர்ற வரைக்கும் வில்லு தோள் உயரத்துலயே நிக்கணும். விட்டதும் கையைத் தொங்கப் போட்டா, அப்புறம் அதுக்கு யாரு பொறுப்பு, பக்கத்து வீட்டுக்காரியா?”

எங்கள் வில்வித்தைச் சங்கத்தின் மைதானப் பொறுப்பாளர் அவர். கழுத்தில் விசில், இடுப்புப் பையில் பசைக் குப்பி, காதோரம் ஓர் இறகு. அம்பின் வாலில் ஒட்டுவதற்காகச் செருகியதை மறந்து, பேருந்திலும் அப்படியே போவார். எல்லாரும் பார்ப்பார்களாம். “பாக்கட்டுமே, நான் என்ன பறக்கவா போறேன்?”

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. நாணில் இருக்கும்வரை அது அம்பு. விரலை விட்டுவிட்டால் கணை. அகராதியில் இரண்டும் ஒன்றுதானே என்று ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். “அகராதி என்னைக்குடி வில்லைப் புடிச்சுச்சு? அம்பைத் திருப்பி அம்பறாத்தூணியில போடலாம். கணையை எவன் வந்தாலும் போட முடியாது.”

சங்கத்தில் யாராவது சண்டைக்கு வாயெடுத்தாலும் விசில் பறக்கும். “இன்னும் அம்புதானே? உள்ள வை.” பாதிச் சண்டை அங்கேயே சிரிப்பில் முடிந்துவிடும்.

ஊருக்குத்தான் உபதேசம்! தன் தம்பி ஆசை ஆசையாய் வாங்கிய புது வீட்டுக்குள் நுழைந்ததும், அத்தனை உறவுக்காரர்கள் நடுவில், “இது வீடாடா, புறாக்கூண்டா?” என்று கேட்டுவிட்டார். அன்றோடு தம்பி அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷம் ஆகிறது. “கணைடி அது” என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் உடையும்.

ஓய்வு கிடைத்தால் போதும், கைபேசியை எடுத்து, “தப்பு என்னோடதுதான் தம்பி, வீட்டுக்கு வரட்டுமா?” என்று தட்டுவார். படிப்பார். அழிப்பார். “இன்னும் அம்புதான்” என்று ஒரு பெருமூச்சு விடுவார்.

நேற்றும் அதே கூத்து; தட்டிப் படித்துவிட்டு அழிக்கப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏன்க்கா, நாணை இழுத்துப் புடிச்சுக்கிட்டே நின்னா கை நடுங்கும்னு எங்களை மட்டும் திட்டுவீங்களே?”

முறைத்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

“வாயைப் பாரு, ஒரு முழத்துக்கு!” என்றவர், கட்டைவிரலால் அழுத்தி அனுப்பியே விட்டார்.

நாங்கள் எல்லாரும் எய்து முடித்துவிட்டு வரிசையில் நின்றிருந்தோம். அவர் ஊதினால்தான் போய்க் கணைகளைப் பிடுங்கிவர முடியும். விசில் பல்லிடுக்கில் இருந்தது, ஊதவில்லை. கைபேசியைப் பிடித்த கை தோள் உயரத்தில் விறைப்பாக நீண்டிருந்தது.

“கை வலிக்கப் போகுதுக்கா, இறக்குங்க” என்றேன்.

கண்ணை அந்தத் திரையிலிருந்து எடுக்காமல், மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.