வேறு வண்டியின் பெட்டி

தென்காசி ரயிலடிப் பக்கம் கார் ஷெட் வைத்திருந்த முப்பிடாதி, அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பஸ் கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். 1988 ஆனியில், சாரல் தொடங்கிய வாரம், அலிமா டீச்சரின் கார் அவரிடம் வந்தது. துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த ஜப்பான் கார். டீச்சரின் கணவர் புனலூரில் பழையதாக வாங்கித் தந்தது. ஓடும்போது குறையில்லை. ரயில்வே கேட்டில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடும்.

அதற்குமுன் வண்டியைப் பார்த்தவர் குற்றாலம் ரோட்டு மெக்கானிக் ஆவுடைநாயகம்.

"ஒயரிங்கைக் கெடுத்து வச்சிருக்கான் டீச்சர். எல்லாம் ஆவுடைநாயகம் வேலைதான்" என்றார் முப்பிடாதி. டீக்கடை வாசலில் நாலு பேர் கேட்கத்தான் சொன்னார். பேச்சு பரவி, குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவர் தன் இரண்டு வேன்களையும் ஆவுடைநாயகத்திடமிருந்து எடுத்துக்கொண்டார்.

முப்பிடாதி மூன்று நாள் உட்கார்ந்து ஒயரிங்கைப் புதிதாக இழுத்தார். வண்டி மறுபடியும் அணைந்தது.

மிஞ்சியது டாஷ்போர்டுக்கு அடியிலிருந்த அலுமினியப் பெட்டி. இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்கும் கம்ப்யூட்டராம். அதுவரை அவர் அதைத் தொடவில்லை. தொட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டிவரும்; அதற்கு வாய் வரவில்லை.

நாலாம் நாள் சொல்லிவிட்டார். "எனக்கு இது புரியல டீச்சர். வண்டியோட புஸ்தகம் இருக்கா?"

இருந்தது. அலிமா ஸ்டூலில் உட்கார்ந்து இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்ல, முப்பிடாதி ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தார். பெட்டியில் கம்பிகள் செருகும் இடத்தில் ஒரு பித்தளை முள் தனியாக இருந்தது. அதற்கு நேராக வரவேண்டிய கம்பி வண்டியில் இல்லை.

"அது எதுக்குன்னு போட்டிருக்கு?"

"வண்டி நியூட்ரல்ல நிக்குன்னு சொல்லுத கம்பியாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு மட்டும்தானாம்."

டீச்சரின் வண்டியில் கையால் போடும் கியர். பெட்டியின் நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார்கள். கடைசி இரண்டு எண்ணும் வேறு.

"அப்ப இது நம்ம வண்டிப் பெட்டியே இல்லையா அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர். வண்டி சும்மா நின்னாலும் கியர்ல கெடக்குன்னு நெனச்சுக்கிடுது. அதான் இன்ஜின் வேகத்தைத் தாழ்த்தி அணைச்சிருது."

காரை விற்ற புனலூர்க்காரருக்கு எழுதிக் கேட்டபோது, பழைய பெட்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டதால் கிடைத்த ஒன்றை மாட்டியதாக ஒப்புக்கொண்டார். சரியான நம்பர் துபாய்க்குப் போனது. ஐம்பது நாள் கழித்து ஊருக்கு வந்த ஒருவர் கையில் பெட்டி வந்தது. அதன்பின் கார் கேட்டில் அணையவில்லை.

ஆனால் முப்பிடாதி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நம்பரைப் பார்த்த அன்று சாயங்காலமே ஆவுடைநாயகத்தின் ஷெட்டுக்குப் போனார். அங்கேயும் நாலு பேர் இருந்தார்கள்.

"ஒம்ம மேல வீணாப் பழி போட்டுட்டேன். ஒயரிங்ல ஒண்ணும் இல்ல."

ஆவுடைநாயகம் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி."

சாரலில் நனைந்துகொண்டே முப்பிடாதி லாட்ஜுக்கும் போய்ச் சொன்னார். ஒரு வேன் ஆவுடைநாயகத்திடம் திரும்பியது. இன்னொன்று போகவில்லை. அதைப் பற்றி ஆவுடைநாயகம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று முப்பிடாதிக்குப் பல நாள் இருந்தது.