ஒன்றை மட்டும் திறந்த ஜமீலா

நம் கல்லூரியின் பழைய ஆசிரியர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில், ஒருவர் வீட்டுப் பிறந்தநாள் கேக்குக்கும் இன்னொருவருடைய முழங்கால் வைத்தியத்துக்கும் நடுவே அந்தச் செய்தி வந்தது: கணினி ஆய்வகத்தைக் கவனித்துவந்த ஜமீலா காலமானார். நான் உக்கடம் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. ‘தங்கமான மனுஷி’ என்று உங்களில் பலர் எழுதியிருக்கிறீர்கள். தங்கம் வளையும். ஜமீலா வளைந்து நான் பார்த்ததில்லை.

ஆய்வகத்தின் நாற்பது கணினிகளையும் அவர் தம் இருக்கையிலிருந்தே, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி ஆண்டார். எதில் எந்த யுஎஸ்பி கருவி செருகியிருக்கிறது, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏறியிருக்கிறதா என்பதை ஒரே வரியில் கேட்டுவிடுவார். புதிதாக வந்த விரிவுரையாளர் ஒருவர், “ஏனுங்க்கா, மவுஸத் தொட்டாக் கடிச்சுப்போடுங்களா?” என்று சீண்டினார்.

“மவுஸு அதுக்குத் தோணறதக் காட்டுமுங்க. இங்க கேட்டா இருக்கறதச் சொல்லிப்போடும்” என்றார் ஜமீலா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் முதல்வராக இருந்தபோது ஒரு மாணவன் பென் டிரைவில் விடைகளைக் கொண்டுவந்து பிடிபட்டான். தேர்வுக் கணினிகளில் புதிதாகச் செருகப்படும் எந்த யுஎஸ்பி கருவியும் இயங்கக் கூடாது என்று உத்தரவிட்டேன்.

“அடைச்சுப்போடலாமுங்க மேடம். யாருக்கு எது வேணும்னு ஒருக்காக் கேட்டுட்டு அடைச்சா நல்லாருக்குமுங்க” என்றார். கேட்கத் தேவையில்லை என்றேன். அடைத்தார்.

அடுத்த தேர்வுக்குப் பல்லடத்திலிருந்து கவிதா என்ற மாணவி வந்தார். பார்வையற்றவர். திரையில் உள்ளதைப் புள்ளிகளாக எழுப்பும் பிரெயில் கருவியை விரலால் படித்து, விடைகளைத் தாமே தட்டச்சு செய்பவர். தமக்காக வேறொருவர் எழுத வேண்டாம் என்று போராடி அனுமதி வாங்கியிருந்தார். கருவியைச் செருகினார், ஒரு புள்ளிகூட எழவில்லை. தேர்வுக்குக் கால் மணி நேரம் இருந்தது. அந்தத் தாள் போனால் ஓராண்டு போகும். காரணம் என் கையெழுத்து.

“எல்லாத்தையும் திறந்துடுங்க, ஜமீலா” என்றேன்.

“மாட்டேனுங்க மேடம். ஒன்னே ஒன்னுதான் தொறப்பேன். அதுக்கும் உத்தரவ மாத்தி எழுதிக் குடுங்க.”

“இது எழுதற நேரமா?”

“இன்னைக்கு வாய்ச்சொல்லுக்குத் தொறந்தா, நாளைக்கு யாரு சொன்னாலும் தொறக்கோணுமுங்க. நீங்க எழுதுங்க, நான் தட்டறேன்.”

பல்லைக் கடித்துக்கொண்டு, பழைய உத்தரவின் அடியிலேயே, ஒரு கருவிக்கு மட்டும் விலக்கு என்று, அதன் எண்ணுக்கு இடம் விட்டு எழுதினேன். அதற்குள் அவர், செருகியிருக்கும் கருவிகளின் பட்டியலைத் திரையில் எடுத்தார். “கண்ணு, அதைய உருவு” என்று கவிதாவிடம் சொல்லி இன்னொரு முறை எடுத்தார். இரண்டாவதில் காணாமற்போன வரிதான் கவிதாவின் கருவி. அதன் அடையாள எண்ணைப் பேனாவால் என் வாக்கியத்தின் நடுவில் எழுதினார். மறுபடி செருகச் சொன்னார். அந்த எண்ணுக்கு மட்டும் அனுமதி தரும் கட்டளையைத் தட்டிவிட்டு, என் பேனாவைப் பார்த்தபடி இருந்தார். நான் கையெழுத்திட்ட பிறகே என்டர் விழுந்தது.

கவிதாவின் விரல்கள் நகர்ந்தன. “வந்துருச்சுங்க்கா.”

“வந்துச்சில்ல, எழுது.”

அதே கணினியின் அடுத்த துளையில் ஜமீலா தம் பென் டிரைவைச் செருகிப் பார்த்தார். அது திறக்கவில்லை. அப்போதுதான் அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

கவிதா தேர்ச்சி பெற்றார். அதன்பின் ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும், யாருக்கு எந்தக் கருவி வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் உத்தரவு போட்டேன்.

ஓய்வுபெற்றபோது கல்லூரியிலிருந்து நான் விதியை மீறி எடுத்து வந்தது அந்த உத்தரவுத் தாள் ஒன்றுதான். அதில் என் கையெழுத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. மேலே உள்ளது நானாகப் போட்டது. கீழே உள்ளது ஜமீலா போடவைத்தது. முதல்வராக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கீழே உள்ளது போதும்.