வக்கீல் தேடிய கதை

பிரிந்துவிடலாம் என்று நானும் கணவரும் சண்டையில்லாமல்தான் முடிவு செய்தோம். ஏழு வருடத்தில் பேச்சு வற்றிப் போயிருந்தது, அவ்வளவுதான். அவர் பெங்களூரின் இன்னொரு கோடியில், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பி.ஜி. விடுதிக்குப் போய்விட்டார். நான் ஈஜிபுரா வீட்டிலேயே இருந்தேன். வக்கீல் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், "என் ஃபிரெண்டுக்கு ஒரு டைவர்ஸ் லாயர் வேணும்" என்றேன்.

"உன் ஃபிரெண்டு தமிழ்ல பேசுவாளா, கன்னடமா?" என்று என்னையே உற்றுப் பார்த்துக் கேட்டாள். நம்பர் கொடுத்தபோது என் கையை லேசாக அழுத்தினாள்.

அந்த வக்கீலின் அறையில் ஏ.சி. குளிர் எலும்பைத் தொட்டது.

"அடிப்பாராம்மா?"

"இல்ல சார்."

"குடி?"

"கல்யாணத்துக்குப் போனாகூட மோர்தான் குடிப்பாரு."

பேனாவை மூடி வைத்துவிட்டார். கேஸ் மேல் இருந்த ஆர்வமே அவருக்குப் போய்விட்டது. பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு, "பரவால்ல, ரெண்டு மூணு கேஸ் சேத்துப் போட்டுடலாம். எதிர்பார்ட்டி தானா வழிக்கு வருவாரு" என்றார்.

"எதிர்பார்ட்டி கீழ காபி வாங்கப் போயிருக்காரு சார்."

சொல்லி வாய் மூடவில்லை, இரண்டு கப்போடு கணவர் உள்ளே வந்தார். வக்கீலுக்கு வாங்காமல் விட்டோமே என்று அவருக்குக் கூச்சம். தன் கப்பை வக்கீல் முன்னால் நகர்த்தி வைத்தார். ஆலோசனைக் கட்டணம் இரண்டாயிரம் கொடுத்துவிட்டு இறங்கினோம்.

அடுத்தது சந்தாபுராவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு வக்கீலம்மா. போனில் கன்னடத்தில் யாரையோ வறுத்தெடுத்துவிட்டு, எங்களிடம் தமிழுக்கு மாறினார். "மொத்தம் நாப்பதாயிரம். பாதி இப்ப, பாதி ஆர்டர் வந்த அன்னிக்கு."

காய்கறிக் கடையில்கூட பேரம் பேசத் தெரியாத என் கணவர் அன்று வாய் திறந்தார். "கொஞ்சம் பாத்துப் போட்டுக்கங்க மேடம்."

"கல்யாண மண்டபத்துக்கு எவ்ளோ குடுத்தீங்க?"

"ரெண்டு லட்சம்."

"அங்க பேரம் பேசினீங்களா?"

பேசவில்லை. அடங்கிவிட்டோம்.

பணம் கட்டும்போதுதான் வம்பு வந்தது. முழுசும் நான்தான் தருவேன் என்றார் அவர். பாதி என்னுடையது என்றேன் நான். குரல் ஏறியது. என் போனை அவர் பிடுங்க, அவர் போனை நான் பிடுங்க, அந்த அம்மா கன்னத்தில் கை வைத்து வேடிக்கை பார்த்தார்.

"இப்ப மனு போடணுமா, வேணாமா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துப் போன்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டோம். அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வறண்ட வீடு எனக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

"போடுங்க மேடம்" என்றேன். ஆளுக்குப் பாதி அனுப்பினோம்.

ஆறு மாதக் காத்திருப்புக்குப் பின் கோர்ட்டில் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்ததும் அவருக்குப் போன், ஊரிலிருந்து அவர் அம்மா. பேசிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"நீ சாப்டியான்னு கேக்குறாங்க."

"இன்னும் இல்லன்னு சொல்லுங்க."

எதிரில் இருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றபடியே பிசிபேளாபாத் சாப்பிட்டோம். காரம் அதிகம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும் துடைத்துக்கொண்டேன். பிறகு அவருடைய பஸ் முதலில் வந்தது.