வீரபாண்டி பஸ்ஸில் கைமாறிப் போன கார்டு

வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்தச் சித்திரைக் கடைசியில் திருச்சியிலிருந்து நானும் வீட்டுக்காரரும் கிளம்பிவிட்டோம்.

அவருக்குத் திருடன் பயம். பிக்பாக்கெட் இல்லை, சிக்னல் திருடன். கூட்டத்தில் எவனாவது மெஷினோடு உரசினால், பின் நம்பர் கேட்காத கார்டிலிருந்து காசு போய்விடுமாம். அந்தக் கணக்கில்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் இருந்தது, திங்கட்கிழமை கட்ட வேண்டும். அதனால் 650 ரூபாய்க்கு அலைவரிசையைத் தடுக்கும் பர்ஸ் வாங்கிப் பனியனுக்குள் செருகியிருந்தார். "கோட்டைக்குள்ள கஜானாவா?" என்றேன். முறைத்தார்.

காலை ஏழு மணிக்குத் தேனியில் பஸ் ஏறினோம். எட்டு கிலோமீட்டர்தான், ஆனால் எள் போட்டால் எண்ணெய் ஆகிவிடும் கூட்டம். எங்கும் மஞ்சள் நனைத்த சேலைகள், வேப்பிலை, மடியில் இன்னும் தீ மூட்டாத அக்கினிச்சட்டி. கண்டக்டர் முன்வாசலில், நாங்கள் பின்படியில். கையில் சில்லறை இல்லை. இவர் கார்டை வெளியே எடுத்துக் கண்டக்டருக்காகக் காத்து நின்றார்.

பக்கத்திலிருந்த அக்கா அதைச் சட்டென்று வாங்கிவிட்டார். "கண்டக்டரு இங்கன வரமாட்டாகண்ணே. எந்த ஊருக்கு?"

"வீரபாண்டி ரெண்டு," என்றேன் நான்.

காசை முன்னால் அனுப்புவதுபோலவே கார்டு கைமாறிக் கைமாறிப் போனது. கூடவே "வீரபாண்டி ரெண்டு" என்ற குரலும் போனது. இவர் முகம் வெளிறிவிட்டது. எனக்கும் பயம்தான், பொய் சொல்லக் கூடாது. கணக்கைப் பார்க்கலாமென்றால் எங்கள் செல்லில் டவர் இல்லை.

முன்னால் மெஷின் கீச்சிட்டது. போன வழியிலேயே கார்டு திரும்பியது, இரண்டு டிக்கெட்டும் அதன்மேல் மஞ்சள் விரல் தடங்களும். பாட்டரியே இல்லாத அட்டை மெஷினைக் கண்டதும் பேசுவது எனக்கு என்றுமே அதிசயம். அன்று அந்தக் கைகளைப் பார்த்துத்தான் சிலிர்த்துப்போனேன். யாரும் கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோயிலில் அக்கினிச்சட்டி வரிசை முல்லையாற்றங்கரைவரை நின்றது. வெயிலும் தீயும் சேர்ந்து அடித்தும் ஒரு முகமும் சுளிக்கவில்லை. நான் வாய்பிளந்து நின்றேன், இவர் செல்லையே பார்த்து நின்றார். பத்து மணிக்கு வங்கி மெசேஜ் வந்தது. இருபத்தாறு ரூபாய், அவ்வளவுதான். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

போகிறவர்களுக்கு: நூறு ரூபாய்க்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் சில விரற்கடை தூரத்துக்குள் வந்தால்தான் கார்டைப் படிக்கும். பர்ஸ் நல்லதே, ஆனால் வங்கி ஆப்பில் பின் நம்பர் இல்லாமல் பணம் கட்டும் வசதியை அணைத்துவைப்பது அதைவிட நல்லது, செலவுமில்லை. பயணத்துக்குக் கொஞ்சமாகப் பணம் உள்ள தனிக் கணக்கு வையுங்கள். கார்டைக் கைமாற்றி அனுப்பாதீர்கள். பின்பக்க எண்ணைப் படமெடுக்க ஒரு நொடி போதும்.

திரும்பும் பஸ்ஸில் நடுவில் நின்றோம். பின்னாலிருந்து யாரோ இவர் தோளைத் தட்டி, ஊர் சொல்லி ஒரு கார்டை நீட்டினார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கி, "தேனி ஒண்ணு" என்று முன்னால் கொடுத்துவிட்டார்.