நேர்ச்சைக்கு விட்ட சேவல்

இறக்கக்கண்டியில் கோழி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் நான் ராத்தா என்று கூப்பிடுகிற அடுத்த வீட்டு அக்கா பரீதாவைத்தான் தேடுவார்கள். குஞ்சு கொஞ்சம் வளர்ந்தால் போதும், கையில் தூக்கிப் பார்த்தே சேவலா பேடா என்று சொல்லிவிடுவார்.

"கொண்டை சிவந்திட்டெண்டு ஏமாறாத ஜெஸ்மின். வால் தொடங்குற இடத்தில இறகு கூரா இருந்தாச் சாவல், வட்டமா இருந்தாப் பேடு," என்று எனக்கும் சொல்லித் தந்தவர். பேடுகளை முட்டைக்கு வைத்துக்கொள்வார். சேவல்களை இறைச்சிக்குக் கொடுத்துவிடுவார். தீனியைத் தின்றுவிட்டுச் சண்டை பிடிக்கிற சாதி அவருக்கு ஆகாது. அப்படிப்பட்ட மனுஷி ஒரே ஒரு சேவலை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

அதற்குக் காரணம் மருமகன் றுவைஸ். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். மகள் றுஷ்தாவைக் கலியாணம் முடித்து வந்த றுவைஸ், பரீதா ராத்தாவுக்கு மகனாகவே ஆகிவிட்டான். வாடைக்காற்று தொடங்கிய நேரம் திருகோணமலையிலிருந்து பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போனான். படகு திரும்பவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று ராத்தா அழவில்லை. முற்றத்தில் ஓடிய குஞ்சுகளில் ஒன்றை எட்டிப் பிடித்தார்.

"யா அல்லாஹ், என்ட மருமகன் உசிரோட வந்தா இந்தச் சாவல அறுத்து ஏழைகளுக்குச் சோறு குடுக்கிறன்!"

நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்த குஞ்சின் இறகை அவர் திருப்பிப் பார்க்கவே இல்லை.

குஞ்சு வளர்ந்தது. கால் தடித்தது, கொண்டையும் சிவந்தது, சரி. ஆனால் இறகு கூராகவில்லை, வால் வளையவில்லை, ஒருநாள்கூடக் கூவவில்லை. எனக்கே தெரிகிறது, ராத்தாவுக்குத் தெரியாதா? பொறுக்க ஏலாமல் கேட்டே விட்டேன்.

"ராத்தா, இது பேடு மாதிரியெல்லோ கிடக்கு?"

"எனக்கா கோழி பார்க்கப் படிப்பிக்கிறாய்? அது சாவல்தான். றுவைஸ் வந்தாக் கூவும்."

அதன்பிறகு கொஞ்ச நாள் என் முகத்தையே பார்க்கவில்லை.

இதற்கிடையில் படகின் உடைந்த பாகம் கரை ஒதுங்கியது. படகில் போன மற்றவர்களின் வீடுகளில் இறந்தவர்களுக்கு ஓதுகிற கத்தம் ஓதினார்கள். புருஷனை இழந்தவள் வெளியே வராமல் வீட்டோடு இருக்கிற இத்தாவுக்கு றுஷ்தாவை இருத்தச் சொல்லிப் பெரியவர்கள் வந்தார்கள்.

"நேர்ச்சைச் சாவல் நிக்குது. அது நிக்குமட்டும் என்ட புள்ள இத்தா இருக்க மாட்டாள்," என்று ராத்தா ஒரே பேச்சில் அனுப்பிவிட்டார்.

றுஷ்தா கதவுக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள். தாயின் பிடிவாதத்தில் இந்தச் சின்னப் பெண்ணின் வாழ்க்கை பாழாகிறதே! அழுது தீர்த்துவிட்டு எழும்பவாவது விட வேண்டாமா? அந்தப் பேடு ஒரு முட்டை இடட்டும், ராத்தாவின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று காத்திருந்தேன்.

ஒரு காலைப்பொழுதில் அவர்கள் சமைக்கிற குசினிக்குப் பின்னால் கோழி கொக்கரித்தது. முட்டையிட்ட கோழியின் சத்தமேதான். விறுவிறென்று வேலியைச் சுற்றிப் போனேன். விறகு அடுக்குக்குப் பின்னால் றுஷ்தா குந்தியிருந்தாள். முந்தானைக்குள் முட்டை.

"எப்ப இருந்து இடுது?" என்றேன்.

"நோன்புக்கு முன்னமே தொடங்கிட்டு சாச்சி. நான்தான் எடுத்து ஒளிக்கிறன். உம்மாக்குச் சொல்லிடாதீங்க."

"உனக்குத் தெரிஞ்சிருக்கு! பிறகேன் புள்ள இந்தக் கூத்து?"

"அது சாவல் இல்லையெண்டா நேர்ச்சையும் இல்ல. நேர்ச்சை இல்லையெண்டா உம்மா என்ன இத்தாவுக்கு இருத்திடுவா. அவர் மௌத்தாகிட்டார் எண்டு இருக்க எனக்கு ஏலாது சாச்சி."

இவ்வளவு நாளும் நான் தாயை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

கோழி இன்னும் கொக்கரித்தபடி நின்றது. குசினிக்குள்ளிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"ஆரது? என்ன சத்தம்?"

றுஷ்தா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நான்தான் ஜெஸ்மின். உங்கட சாவல் கூவப் பழகுது ராத்தா."

உள்ளே சட்டி கழுவுகிற சத்தம் நின்றது.

"நான் அப்பவே சொன்னனான்தானே," என்றார் ராத்தா. குரல் உடைந்திருந்தது.

காலமெல்லாம் கோழியோடு கிடந்த மனுஷி. கூவலையும் கொக்கரிப்பையும் பிரித்தறியாதவரா? ஆனாலும் அவர் வெளியே வந்து பார்க்கவில்லை.